பாஸ் என்ற சொல்லும் ஒரு கிணற்றுக் கயிறும்

பத்திரிகையில் மெய்ப்புப் பார்த்த காலத்தில் வாங்கிய ஆங்கில அகராதி ஒன்று என்னிடம் இருந்தது. அதில் ‘பாஸ்’ என்ற சொல்லுக்கு ஒன்றரைப் பக்கம். பரீட்சையில் தேறுவது, பந்தைத் தட்டிக் கொடுப்பது, மலைக்கணவாய், நேரம் கழிவது. ஒருவர் இறந்ததை மெல்லச் சொல்லவும் அதே சொல். மூலம் இலத்தீன். அங்கே அதற்குக் காலடி என்று பொருள்.

தொண்ணூறில் புங்குடுதீவில் அந்தச் சொல், ஊரை ஆண்ட இயக்கம் கொடுக்கும் ஒரு துண்டுக் கடதாசியாகியது. அது இல்லாமல் கொழும்புக்குப் போக முடியாது. அதைப் பெற ஊரில் ஒருவர் ஆள்பிணை நிற்க வேண்டும். போனவர் குறித்த நாளில் திரும்பாவிட்டால் பிணை நின்றவருக்குப் பாஸ் கிடைக்காது. அனுமதிச் சீட்டு என்பதுவரை என் அகராதியில் உண்டு; ஆள்பிணை இல்லை.

என் வலக் கண்ணில் படலம். அடுத்த மாதம் கொழும்பில் வெட்ட நாள் கொடுத்திருந்தார்கள். அந்த வேளையில்தான் பக்கத்து வளவு அக்கா படிவத்தோடு வந்தார். அவருடைய கணவர் பிரான்சில் இருந்தார்.

“பத்து நாளிலை வந்திடுவியளோ, அக்கா?”

“வராமல்? அங்கை என்ன கடையே வைச்சிருக்கிறன்?”

“அண்ணை கூப்பிட்டால்?”

“அவர் கூப்பிட்டால் உம்மைக் கேட்டே போவன்? போடும் கையெழுத்தை.”

போட்டேன்.

எங்கள் பக்கத்தில் சில நாட்களுக்கு வெளியே போகிறவர்கள் கிணற்றுக் கயிற்றையும் வாளியையும் வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவார்கள். திரும்பும் எண்ணம் இல்லாதவர்கள், அயலவர் அள்ளட்டும் என்று கப்பியிலேயே விட்டுப் போவார்கள். எவரும் வாய் திறந்து சொல்வதில்லை.

அவர் விடிய வள்ளம் ஏறினார். ஏழு மணிக்கு அவருடைய கிணற்றடிக்குப் போனேன். கயிறு கப்பியில் தொங்கியது. ஈரமாக இருந்தது. குளித்த அவசரத்தில் மறந்தாரா, விட்டுத்தான் போனாரா? குசினி யன்னலால் பார்த்தேன். பானைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார். அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியவில்லை.

அயலவர் கண்டால் பின்னேரத்துக்குள் கதை பாஸ் கொடுக்கும் கந்தோருக்குப் போய்விடும். கயிற்றை வாளியிலிருந்து அவிழ்த்து, இரண்டையும் என் வீட்டில் கொண்டுபோய் ஒளித்தேன். பத்தாம் நாள் காலையில் மறுபடி கட்டித் தொங்கவிட்டு, இறங்குதுறைக்குப் போய் நின்றேன். கடைசி வள்ளத்தில் அக்கா வந்தார்.

மறுநாள் வேலிக்கு மேலால் குரல் கேட்டது.

“தம்பி, என்ரை கயிறை ஆர் அவிட்டது? இது நான் போட்ட முடிச்சில்லை.”

“எனக்கெப்பிடித் தெரியும், அக்கா?”

அடுத்த கிழமை என் படிவத்தோடு போனேன். தனியாள் நான்; பிணை கேட்க வேறு ஆளில்லை. அவர் படிவத்தைத் தொடவில்லை.

“கையெழுத்துப் போடுறன். முதல் உம்மடை கயிறையும் வாளியையும் கொண்டு வந்து தாரும். திரும்பி வரேக்கை வாங்கலாம்.”

கொண்டுபோய்க் கொடுத்தேன். வாளிப் பிடியில் நான் போட்டிருந்த முடிச்சை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகுதான் பேனையைக் கேட்டார்.