என் கணவரின் எண்ணில் கிடைத்த பதில்

புயல் ஓய்ந்த காலையில் என் வீட்டு அடுப்படியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். வானம் தெரிந்தது. கூரையில் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகள் தெருவில் நொறுங்கிக் கிடந்தன. பின்சுவரில் பாதி சரிந்திருந்தது. நர்சிங் படிக்கும் என் மகள் செலின், நனைந்த புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உதறிக்கொண்டிருந்தாள். அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் லூர்துமேரி. முதலியார்பேட்டையில் இருக்கிறேன். நம் பங்குக் கோவிலின் ஜெபக் குழுவான அன்பியத்தில் பலருக்கு என்னைத் தெரியும். ஆனாலும் இதை நான் முழுதாக யாரிடமும் சொன்னதில்லை. இன்று சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

அந்த வீடு என் கணவர் ஆரோக்கியசாமி கட்டியது. பஞ்சாலை மூடியபோது கிடைத்த செட்டில்மெண்ட் பணத்தில், கொத்தனாருக்குத் தானே சித்தாளாக நின்று கட்டினார். ஆலை ஓடிய காலத்தில் சங்கு ஊதினால் நான் உலை வைப்பேன். சாதம் வடிக்கும்போது அவருடைய சைக்கிள் மணி வாசலில் கேட்கும். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். செலின் மடியில் ஏறி உட்கார்ந்து அதை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுப்பாள்.

ஆலை மூடிய பிறகு ஆட்டோ ஓட்டினார். முதல் முதலாகக் கைப்பேசி வாங்கியதும் அப்போதுதான். அந்த எண்ணை ஆட்டோவின் பின்னால் மஞ்சள் பெயிண்டில் பெரிதாக எழுதிவைத்தார். பாதி ஊருக்கு அந்த எண் மனப்பாடம். அவருடைய அப்பா ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் சமையல் செய்தவர். அதனால் இவருக்கும் யாரிடம் பேசினாலும் கடைசியில் பிரெஞ்சில் 'மெர்சி' என்று நன்றி சொல்லித்தான் பேச்சை முடிக்க வரும். எல்லோரும் அவரை மெர்சி ஆரோக்கியம் என்றே கூப்பிட்டார்கள்.

மாரடைப்பில் ஒரே நாளில் போய்விட்டார். கொஞ்ச காலத்தில் அவருடைய கைப்பேசியும் கெட்டுப்போனது. ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் அந்த எண்ணும் போய்விட்டது.

புயலுக்குப் பிறகு விழுப்புரத்திலிருந்து என் தம்பி வந்தான். தார்ப்பாய் கட்டிக் கொடுத்தான். கிளம்பும்போது, "எடத்த வித்துடுக்கா. பொட்டப்புள்ளய வச்சிக்கிட்டு இதுல எப்படி இருப்ப? எங்கூட வந்துடு" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எனக்குள் ஏதோ அறுந்துபோனது.

அந்தச் சமயத்தில்தான் வீடு சேதமானவர்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது, ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். கடைசித் தேதிக்கு அதிக நாள் இல்லை. பக்கத்தில் இருந்த சேவை மையத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண் என் ஆதார் எண்ணைப் போட்டு, விரலை வைக்கச் சொன்னாள். பத்து விரலையும் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் பதியவில்லை. நான் ஒரு ஹாஸ்டலில் பாத்திரம் தேய்க்கிறேன். ரேகையெல்லாம் தேய்ந்துவிட்டது.

"பரவால்லக்கா, ஓடிபி அனுப்பலாம்" என்றவள், திரையில் தெரிந்த கடைசி எண்களைப் படித்தாள். "இது யாரு நம்பரு?"

மஞ்சள் பெயிண்டில் எத்தனை முறை பார்த்த எண்.

"எங்க வூட்டுக்காரரோடது."

"போனு இருக்கா?"

"அவரும் இல்ல, போனும் இல்ல."

ஆதாரில் எண்ணை மாற்றலாம், ஆனால் அதற்கும் ரேகை கேட்பார்கள், மாறி வர நாளாகும், அதற்குள் இந்தப் பதிவு முடிந்துவிடும் என்றாள். பின்னால் வரிசை நீண்டிருந்தது. நான் எழுந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. நம் கோவிலுக்குப் போனேன். மத்தியான வெயில். உள்ளே யாரும் இல்லை. மாதா பீடத்தின் முன்னால் முழங்காலில் இருந்தேன். ஜெபமாலை கையில் இருந்தது, ஒரு மணிகூட உருளவில்லை. "ஆண்டவரே, இந்த மாதிரி வேலையெல்லாம் அவருதான் பாப்பாரு. எனக்குத் தெரியாது. அவரைக் கூட்டிக்கிட்டுப் போனது நீர்தான். இப்ப நீரே பாத்துக்கும்" என்றேன். ஜெபம் என்றுகூடச் சொல்ல முடியாது. சண்டை போட்டேன்.

கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு மனசு அமைதியானது. அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார் என்று ஒரு எண்ணம் வந்தது. அவர் போனபிறகு நான் அதை ஒருமுறைகூட அழுத்தியதில்லை. கோவில் படியில் உட்கார்ந்து அழுத்தினேன். மணி அடித்தது. ஒரு நொடி அவரே எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். பைத்தியம்தான். ஆனாலும் நினைத்தேன்.

ஒரு பெண் எடுத்தாள். பின்னால் மிஷின் ஓடும் சத்தம். நான் பேச வாயெடுக்கும் முன்பே அவள் கேட்டாள்.

"ஆரோக்கியம் அண்ணனுக்குப் போட்டீங்களா?"

"ஆமாம்மா" என்றேன்.

"அண்ணன் தவறிட்டாருங்களாம். வருத்தப்படாதீங்க. இந்த நம்பர் இப்ப எங்கிட்ட இருக்கு. கூப்புடறவங்களுக்கெல்லாம் நான்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"நான் அவரு சம்சாரம்மா."

அவள் மிஷின் சத்தம் கேட்காத ஒதுக்குப்புறமாக வந்து பேசினாள். பெயர் தனலட்சுமி. பாகூர் பக்கத்துக் கிராமம். தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. நான் விஷயத்தைச் சொன்னேன். ஓடிபி என்றதும் அவள் குரல் மாறிவிட்டது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. போன்ல அதைச் சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. எங்க மாமனாரு அப்படித்தான் ஏமாந்தாரு. நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது."

அவள் சொன்னது நியாயம். "சரிம்மா, மெர்சி" என்று சொல்லி வைக்கப்போனேன். அந்தச் சொல் எனக்கு வழக்கமில்லை. எப்படி வாயில் வந்ததோ தெரியாது.

"இருங்க இருங்க" என்றாள். "எந்த செண்டருன்னு சொல்லுங்க. நாளைக்கு ஷிப்ட் முடிஞ்சி நானே நேர்ல வரேன்."

மறுநாள் அந்த மையத்தின் வாசலில், டிபன் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். என் ஆதார் அட்டையையும், நானும் அவரும் எடுத்துக்கொண்ட கல்யாணப் போட்டோவையும் காட்டினேன். போட்டோவை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். "இவருதானா? நான் வயசானவருன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

இன்டர்நெட் வேலை செய்யவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தோம். அப்போதுதான் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எண் வந்த புதிதில் கூப்பிட்டவர்கள்மேல் எரிச்சல்பட்டாளாம். ஒருநாள் திருப்பூரிலிருந்து ஒருவர், பழைய ஆலைக்காரர், என் கணவர் இறந்த செய்தியை யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு திரும்பக் கூப்பிட்டு, "தொந்தரவு பண்ணிட்டேன், மன்னிச்சிடும்மா" என்று அழுதாராம். மழைத்தண்ணீர் இடுப்பளவு நின்ற நாளில் தன் மகளைச் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனவர் ஆரோக்கியம் என்றாராம். ஒரு டீச்சர், கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப்போய்க் காசு வாங்காமல் விட்டாரே என்றாராம். எனக்கு இதில் ஒன்றுமே தெரியாது. அவர் வீட்டில் சொன்னதே இல்லை.

"முன்னபின்ன பாக்காத ஆளு. ஆனா எனக்கு ஒரு அண்ணன் இருந்த மாதிரியே ஆயிடுச்சிக்கா" என்றாள் தனலட்சுமி.

இன்டர்நெட் வந்தது. அவள் கைப்பேசியில் குறுஞ்செய்தி விழுந்தது. அவளே எண்களைப் படித்தாள். வீட்டின் படங்களை ஏற்றினார்கள். பதிவானது. சில நாளில் அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பணம் என் கணக்குக்கே வந்தது. பிறகு ஆதார் மையத்துக்குப் போனேன். அங்கே ரேகைக்குப் பதில் கண்ணை வைத்துச் சரிபார்த்து, என்னுடைய எண்ணாக மாற்றிக் கொடுத்தார்கள்.

அந்தப் பணம் ஷீட்டுக்குச் சரியாக இருந்தது. சுவருக்கும் ஆள்கூலிக்கும் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தனலட்சுமி என் எண்ணைத் திருப்பூர்க்காரருக்குக் கொடுத்திருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால், வாசலில் நரைத்த தலைகளாக நாலைந்து பேர் நிற்கிறார்கள். எல்லோரும் பழைய ஆலை ஷிப்ட்காரர்கள். சுவரை அவர்களே எழுப்பினார்கள். ஷீட்டை ஏற்றினார்கள். வேலை செய்துகொண்டே அவரைப் பற்றிப் பேசிப் பேசிச் சிரித்தார்கள். செலின் தண்ணீர்ச் செம்போடு அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். புயலுக்குப் பிறகு அன்றுதான் என் மகள் அழுதாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

நான் இப்போது விழுப்புரம் போவதைப் பற்றி நினைப்பதில்லை. முன்பெல்லாம் யாரோடும் பேசாமல் வேலைக்குப் போய் வருவேன். இப்போது ஞாயிறுதோறும் யாராவது கூப்பிடுகிறார்கள். நானும் கூப்பிடுகிறேன்.

அன்பானவர்களே, உங்களுக்கு அழகாக ஜெபிக்க வராவிட்டாலும் பரவாயில்லை. கோபமாக இருந்தால் கோபத்தோடே போய் ஆண்டவர் முன்னால் உட்காருங்கள். அவர் கேட்கிறார். நான் சாட்சி. என் ஆண்டவருக்கும் மாதாவுக்கும் நன்றி.

ஒரு உதவி கேட்கிறேன். தனலட்சுமிக்குக் கல்யாணமாகி வெகுகாலம் ஆகியும் குழந்தை இல்லை. அவள் நம் கோவிலுக்கு வருகிறவள் இல்லை, அவளுக்கு அவளுடைய சாமி இருக்கிறது. அதனால் என்ன. இன்று ராத்திரி ஜெபமாலை சொல்லும்போது அவள் பெயரையும் ஒருமுறை சொல்லுங்கள்.