கலப்பில்லாத கோட்டு

லண்டனுக்கு வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை, பக்கத்து வீட்டு ரெப் மெண்டல் கதவைத் தட்டி, "எங்கள் வீட்டில் ஹீட்டர் அணைந்துவிட்டது" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றார். நானும் வருத்தம் தெரிவித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் ஆசாரம் தவறாத ஹசிடிக் யூதர். ஓய்வுநாளான சனிக்கிழமையில் நெருப்பு மூட்டமாட்டார், மூட்டித் தரும்படி பிறரிடம் வாய்விட்டுக் கேட்கவும் மாட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தக் கிழவர் அன்று முழுவதும் தனியாகக் குளிரில் கிடந்திருக்கிறார். ஆனாலும் அடுத்த வாரம் தம் தையற்கூடத்தில் எனக்கு வேலை கொடுத்தார்.

அறுபதுகளின் அந்தக் குளிர்காலத்தில் அவருடைய கம்பளிக் கோட்டின் கழுத்துப்பட்டி பிய்ந்தது. பருத்தி நூல் நிற்கவில்லை. லினன் நூல் எடுத்து உறுதியாகத் தைத்தேன். கோட்டை வாங்கும்போது அவர் கேட்டார்: "லினன் சேரவில்லையே? கம்பளியும் லினனும் ஒரே உடையில் கூடாது. எங்கள் வேதமான தோராவின் கட்டளை."

"சேர்ந்தால் என்ன ஆகும்?"

"ஒன்றும் ஆகாது" என்று சிரித்தார். "கொல்லாதே, திருடாதே என்பதெல்லாம் என் புத்திக்கே எட்டும். இதற்குக் காரணம் எட்டாது. நான் ஆண்டவனுக்குக் கீழ்ப்படிகிறேனா, என் புத்திக்கா என்பது இதில்தான் தெரியும்." போலந்தில் நாஜிகளிடம் மனைவி மக்கள் எல்லோரையும் பறிகொடுத்தவர் அவர். "காரணம் தெரிந்தால்தான் வாழ்வேன் என்றிருந்தால் அங்கேயே செத்திருப்பேன். கலப்பு உண்டா என்று துணியைச் சோதித்துப் பார்க்க எங்களில் ஆள் உண்டு. நீ துணி தெரிந்தவன், உன் வாய்ச்சொல் போதும்."

திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் விற்ற காலத்தில் கழிவு நூல் கலந்த சரக்கை வடக்கத்தி வியாபாரிகளிடம் விரித்துப்போட்டு, "கலப்பே இல்லீங்க" என்று நாள் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். அதே சரளத்தோடு இங்கே ஆங்கிலத்தில் சொன்னேன். வேலை போய்விடும் என்ற பயம்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள். "ஏனுங்க, பழனிக்கு மாலை போட்டவருக்குத் தெரியாம கறிச்சோறு போட்டாப்பல இருக்குதுங்க. போயிச் சொல்லிப்போட்டு வாங்க."

"சொன்னா நாளைக்கு அடுப்பு எரியாது."

"எரியாட்டிப் போகுது. அந்தப் பெரியவரு கெடந்த குளுருல நாமளும் கெடப்போம்."

நான் போகவில்லை. அந்தக் கோட்டுக்குள் நின்றுதான் அவர் தினமும் தொழுதார். மார்கழிக் குளிர் தாண்டவில்லை, இறந்துபோனார்.

அடக்கத்தன்று அவர்களுடைய மதகுருவான ரப்பியிடம், இறந்தவருக்குச் செய்த பிழைக்கு என்ன வழி என்று பொதுவாகக் கேட்டேன். "எங்கள் ஆட்கள் பத்துப் பேரைக் கல்லறைக்கு அழைத்துப் போய், அவர்கள் முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இறந்தவருக்கு இனிக் கட்டளைகள் இல்லை, அவர் விடுபட்டுவிட்டார்" என்றார். நான் விடுபடவில்லை.

அந்தப் பத்துப் பேரை நான் இதுவரை அழைக்கவில்லை. என் மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போது இதைத் தமிழில் எழுதுகிறேன். திருப்பூரில் எத்தனை பேர் படித்தாலும் அந்தப் பத்தில் ஒருவரும் சேரமாட்டீர்கள். படிக்க வேண்டியவர்களுக்குத் தமிழ் தெரியாது. அதுவும் எனக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஒவ்வொரு குளிர்காலமும் அந்தக் கல்லறைக்குப் போகிறேன். அவர்கள் வழக்கப்படி ஒரு கூழாங்கல்லை வைக்கிறேன். நம் வழக்கப்படி செருப்பைக் கழற்றிவிடுகிறேன். வெறுங்காலோடு பனியில் நிற்கிறேன். வாய் திறப்பதில்லை.