பினாங்கிலிருந்து வந்த ஓர்ப்படி

சித்திகாவின் மனசு முதலில் கசந்தது ஒரு கீசரால்தான்.

குரோம்பேட்டையில் அந்த வீட்டுக்கு அவள் மருமகளாக வந்து பதினொரு வருஷம் ஆகியிருந்தது. இருபத்திரண்டு வயதில் வாணியம்பாடியிலிருந்து வந்தவள். கணவன் உமருக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் பூட்டு, கீல், தாழ்ப்பாள் விற்கும் கடை. அந்தப் பதினொரு வருஷமும் அடுப்பில் தண்ணீர் காயவைத்து, வாளியில் ஊற்றித் தூக்கிக்கொண்டு போய்த்தான் குளித்தாள். கீசர் போடலாமா என்று மாமியார் மைமூன் பீவியிடம் இரண்டு முறை கேட்டுப் பார்த்தாள். கரண்ட் பில்லை யார் கட்டுவது என்று மாமியார் திருப்பிக் கேட்டதோடு பேச்சு முடிந்தது.

போன வருஷம் ஜனவரியில் கொழுந்தன் பர்வேஸ் பினாங்கில் நிக்காஹ் முடித்து, மனைவி இஃப்ராவைக் கூட்டிக்கொண்டு வருகிறான் என்று தெரிந்தது. அதே மாமியார் ஒரே வாரத்தில் ஆளை வரவழைத்து மாடிக் குளியலறையில் கீசரை மாட்டிவிட்டாள்.

"வேற நாட்டுல இருந்து வர்ற பொண்ணு, பாவம்" என்றாள்.

வாணியம்பாடியிலிருந்து வந்தவளை அந்த வீட்டில் யாரும் பாவம் என்று சொன்னதாகச் சித்திகாவுக்கு ஞாபகம் இல்லை.

இஃப்ராவை வெறுக்கக் காரணம் கிடைத்திருந்தால் சித்திகாவுக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். ஆனால் அந்தப் பெண்ணிடம் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. இருபத்தாறு வயது. பினாங்கில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள். அவள் தாத்தா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து போனவர் என்பதால் தமிழ் நன்றாகவே பேசினாள். வந்த முதல் நாளே சித்திகாவை அக்கா முறை வைத்து "லாத்தா" என்று கூப்பிட்டு, சமையலறையில் வந்து வெங்காயம் உரித்தாள். எதைக் கேட்டாலும் ரூபாயை வெள்ளியாக மாற்றிச் சொல்லுவாள். ரிங்கிட்டை அவள் வெள்ளி என்றுதான் சொன்னாள். ஒரு வெள்ளிக்கு இருபது ரூபாய். பால் பாக்கெட்டை வாங்கி வந்து, "ஒரு வெள்ளிதான் லாத்தா" என்று ஆச்சரியப்பட்டாள். பல்லாவரம் போக ஆட்டோக்காரர் கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டு வந்தாள். காய்கறிக் கடையில் பேரமே பேசவில்லை. சித்திகா நாலு ரூபாய்க்காக நின்று வாதாடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று அவள் புன்னகைப்பது, சித்திகாவுக்கு முதுகில் முள் வைத்தது மாதிரி இருந்தது.

ஆனால் மூன்று மாதத்தில் கணக்கு மாறியது. கொண்டுவந்த பணம் கரைந்தது. பர்வேஸுக்குக் கேளம்பாக்கத்தில் வேலை, சம்பளம் ரூபாயில். அவளுடைய விசாவில் வேலைக்குப் போக முடியாது. ஐந்து வருஷம் தன் சம்பளத்தில் வாழ்ந்தவள், போனுக்கு ரீசார்ஜ் செய்யக்கூட இப்போது புருஷனைக் கேட்டாள். வெள்ளிக் கணக்கு சொல்வது நின்றுபோனது. ஒருநாள் ஆப்பிளை எடுத்து, விலை கேட்டு, திரும்ப வைத்துவிட்டு வந்தாள். அன்று சித்திகாவுக்கு உள்ளுக்குள் ஒரு சின்னத் திருப்தி. வீட்டுக்கு வந்ததும் அந்தத் திருப்தியே வெட்கமாகிவிட்டது.

பேப்பர் விஷயங்களில் சித்திகா கெட்டிக்காரி. மாமனார் இறந்தபோது வாரிசுச் சான்றிதழ் வாங்கியது, வீட்டு வரியிலும் கரண்ட் கனெக்‌ஷனிலும் பெயர் மாற்றியது, ரேஷன் கார்டைப் புதுப்பித்தது எல்லாம் அவள்தான். அதனால் இஃப்ராவின் வேலையும் இயல்பாக அவள் தலையில் விழுந்தது. வந்த புதிதில் இஃப்ராவுக்கு சிம் கார்டு கிடைக்கவில்லை. அதற்கும் முகவரிச் சான்று கேட்டார்கள். ஆகவே வெளிநாட்டவர் பதிவுக்கு சித்திகாவின் போன் நம்பரையும் ஈமெயிலையும் கொடுத்தார்கள். பாஸ்போர்ட்டில் அவள் பெயர் இஃப்ரா பிந்தி முகமது யூசுப், அதாவது முகமது யூசுபின் மகள் இஃப்ரா. குடும்பப் பெயர் என்று எதுவும் கிடையாது. படிவமோ குடும்பப் பெயரைப் போடாமல் அடுத்த பக்கத்துக்கு நகராது. மூன்று சாயங்காலம் உட்கார்ந்து, யார் யாரையோ விசாரித்து, எந்தக் கட்டத்தில் எதைப் போட வேண்டும் என்று சித்திகா கண்டுபிடித்தாள். நிக்காஹ் சான்றிதழை மொழிபெயர்க்கக் கொடுத்து வாங்கினாள். கரண்ட் பில்லை ஸ்கேன் செய்தாள். மகன் வாஜிதுக்கு ஹோம்வொர்க் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இதையெல்லாம் செய்தாள். ஓராண்டு விசா முடியுமுன் நவம்பரில் நீட்டிப்புக்கு விண்ணப்பித்ததும் அவளே.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை உமரின் சித்தி குடும்பம் சாப்பாட்டுக்கு வந்திருந்தது. பேச்சு இஃப்ராவின் விசாவுக்குப் போனது. அவ்வளவு அலைச்சலையும் யார் பார்த்தது என்று சித்தி கேட்டாள். சித்திகா தட்டில் பிரியாணி வைத்துக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கொஞ்சம் மெதுவாக்கினாள்.

உமர் சொன்னான்: "அந்தப் பொண்ணே எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டுச்சு சித்தி. படிச்ச பொண்ணு இல்ல? நம்ம வீட்டுல யாருக்கு அதெல்லாம் தெரியும்."

இஃப்ரா அந்த நேரம் மாடியில் தொழுதுகொண்டிருந்தாள். மறுத்துச் சொல்ல ஆள் இல்லை. சித்திகா தானே மறுத்திருக்கலாம். ஆனால் உள்ளே போய்த் தயிர்ப் பச்சடியை எடுத்து வந்து வைத்தாள்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அந்த ஈமெயில் வந்தது. கணவரின் உறுதிமொழிக் கடிதம் தெளிவாக இல்லை, ஏழு நாட்களுக்குள் மறுபடி அனுப்பவும் என்று இருந்தது. பத்து நிமிஷ வேலை. சித்திகா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள். படிச்ச பொண்ணுதானே, அதுவே பார்த்துக்கட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். திங்கட்கிழமை மாமியார், இஃப்ராவுக்குப் பிடிக்கும் என்று தேங்காய்ப்பால் சோறு ஆக்கச் சொன்னாள். அன்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை இஃப்ராவே வந்து கேட்டாள், ஏதாவது தகவல் வந்ததா என்று.

"ஒண்ணும் வரல" என்றாள் சித்திகா.

அதுவரை செய்தது வெறும் மௌனம். இது பொய். அந்த வித்தியாசம் அவளுக்கு அப்போதே தெரிந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஜனவரி பிறந்தது. மாதக் கடைசியில் இஃப்ராவின் தங்கைக்குப் பினாங்கில் கல்யாணம். டிக்கெட் போட்டாகிவிட்டது. தங்கைக்காக இஃப்ரா தி.நகர் போய்ப் புடவை எடுத்து வந்திருந்தாள். விசா முடியும் தேதி வந்தும் பதில் இல்லை என்று பர்வேஸ் லேப்டாப்பில் விண்ணப்ப நிலையைப் பார்த்தான். ஆவணம் வராததால் விண்ணப்பம் முடித்துவைக்கப்பட்டது என்று இருந்தது. விசா இல்லாமல் அவள் இங்கே தங்கவும் முடியாது. அபராதம் கட்டி அனுமதி வாங்காமல் நாட்டைவிட்டுப் போகவும் முடியாது. இஃப்ரா படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். ஈமெயில் ஸ்பேமில் போயிருக்கும் என்று பர்வேஸ் சொன்னான். எல்லோரும் அதை நம்பினார்கள். சித்திகாவும் தலையாட்டினாள்.

பர்வேஸுக்கு லீவு கிடைக்கவில்லை. நகரத்தில் உள்ள அலுவலகத்துக்குப் போக, விவரம் தெரிந்தவள் என்று சித்திகாவையே துணைக்கு அனுப்பினான். இருவரும் மின்சார ரயிலில் போனார்கள். வழியெல்லாம் இஃப்ரா ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காகிதமாகச் சரிபார்த்தபடி வந்தாள். சித்திகாவும் அந்தக் காகிதங்களைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் மூலையில் தன் கையெழுத்தில் போட்ட நம்பர்கள்.

இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு ஓர் அதிகாரி அம்மாள் கூப்பிட்டார். திரையைப் பார்த்துவிட்டு, கோபமில்லாமல்தான் கேட்டார்.

"ஏழு நாள் டைம் குடுத்து மெயில் போட்டிருக்கோமே, பாக்கலையா?"

இஃப்ரா எழுந்து நின்றுவிட்டாள். "மன்னிச்சுக்குங்க மேடம். தப்பு என்னோடதுதான். என் பேப்பர் எல்லாத்தையும் ஆரம்பத்துல இருந்து லாத்தாதான் பாத்தாங்க. அவங்களுக்கு வீட்டுல அவ்ளோ வேலை. நான்தான் கவனிச்சிருக்கணும்."

ஒரு வருஷமாக யார் வாயிலிருந்தாவது வராதா என்று சித்திகா ஏங்கிய வார்த்தை அது. லாத்தாதான் பார்த்தாங்க. கேட்கக் கூடாத நேரத்தில், கேட்கத் தகுதியில்லாதபோது அது வந்தது. அவளுக்குக் காது சூடானது.

"மெயில் வந்துச்சு மேடம்" என்றாள். "அன்னிக்கே பாத்தேன். இவகிட்ட சொல்லல. கேட்டப்பவும் வரலன்னு சொன்னேன்."

அதிகாரி ஒரு கணம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அது குடும்ப விஷயம் என்று நினைத்தாரோ என்னவோ, மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், தாமதத்துக்கு அபராதம் கட்ட வேண்டும், சில நாட்கள் ஆகும் என்று சொல்லி, என்னென்ன வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். இஃப்ரா நன்றி சொல்லித் தாளை வாங்கிக்கொண்டாள்.

திரும்பும் ரயிலில் பெண்கள் பெட்டியில் உட்கார இடம் இருந்தும் இஃப்ரா கதவோரம் போய் நின்றாள். கிண்டியில் கூட்டம் ஏறியது. மீனம்பாக்கத்தில் ஒரு விமானம் தாழ்வாக இறங்கியதை அவள் குனிந்து பார்த்தாள். குரோம்பேட்டை வந்தது. பிளாட்பாரத்தில் இறங்கியதும் சித்திகா அவள் கையைப் பிடிக்கப் போனாள். இஃப்ரா கையை எடுத்துக்கொண்டாள்.

"இப்ப வேணாம் லாத்தா."

கல்யாணத்துக்கு நாலு நாள் கழித்துத்தான் அனுமதி வந்தது. டிக்கெட் பணம் போயிற்று. தங்கையின் நிக்காஹை இஃப்ரா மாடியறையில் போனில் பார்த்தாள். மைமூன் பீவியும் பக்கத்தில் உட்கார்ந்து, பெண்ணின் நகைகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். சித்திகா கீழே சமையலறையில் இருந்தாள். கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் காது மாடியிலேயே இருந்தது.

அவளை இன்னொன்று அரித்தது. இஃப்ரா வீட்டில் யாரிடமும் நடந்ததைச் சொல்லவில்லை. பர்வேஸ் அண்ணியிடம் வழக்கம்போலவே பேசினான். மாமியார் ஸ்பேமைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். இஃப்ரா திட்டி, ஊரைக் கூட்டி, கீசர் போட்ட மாமியாரிடம் போய் அழுதிருந்தால், சித்திகாவும் நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள். பெருந்தன்மையும் அவளுக்குத்தானா என்று சித்திகாவுக்குப் பட்டது. தப்பு செய்துவிட்டு, காட்டிக்கொடுக்காதவள் மேலேயே பொறாமைப்படும் தன்னை நினைத்து அவளுக்கே பயமாக இருந்தது.

ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு உமர் கடையைச் சாத்திவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது, ஒன்றையும் விடாமல் சொன்னாள். கீசரிலிருந்து ஆரம்பித்தாள். பிரியாணி அன்று அவன் சொன்னதையும் சொன்னாள். உமர் சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். முதலில் கோபப்பட்டான், ஒரு பெண்ணின் தங்கை கல்யாணம் போய்விட்டதே என்றான். சரியான கோபம்தான், அவள் பேசாமல் வாங்கிக்கொண்டாள்.  சோற்றில் வைத்த கை காய்ந்துபோனது.

"நீதான் எல்லாம் போட்டேன்னு எனக்கு நிஜமாவே தெரியாது சித்திகா" என்றான் கடைசியில். "நான் கேக்கவே இல்ல."

மாமியாரிடமும் கொழுந்தனிடமும் அவளே போய்ச் சொன்னாள். மைமூன் பீவி இரண்டு மாதம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பர்வேஸ் அதற்குமேலும். இஃப்ரா பிப்ரவரியில் ஊருக்குப் போய், மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தாள். வந்ததும் செய்த முதல் காரியம், ஃபைலில் இருந்த போன் நம்பரையும் ஈமெயிலையும் மாற்றியது. மாற்றிவிட்டேன் என்று சித்திகாவிடம் நேராகவே சொன்னாள். மாற்றியது சரிதான் என்றாள் சித்திகாவும்.

ஜூனில் பர்வேஸும் இஃப்ராவும் கீழ்க்கட்டளையில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். வேலைக்குப் போக அவனுக்கு அது கிட்டே. பால் காய்ச்சும் நாளில் சித்திகாவும் போனாள். ஹாலைவிடப் பெரிய சமையலறை. கிழக்குப் பார்த்த ஜன்னல். ஆறு மாத வாடகை முன்பணமாகப் போனதையும், அதற்குமேல் பராமரிப்பு என்று மாதாமாதம் தனியாகக் கேட்பதையும், வெயில் காலத்தில் லாரித் தண்ணீருக்கு ஆகும் செலவையும் இஃப்ரா சொல்லிக்கொண்டே இருந்தாள். பினாங்கில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், யாரும் அதைப் பற்றி நினைப்பதே கிடையாது என்றாள். சித்திகா அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உன் சமையல்கட்டைப் பாத்தா எனக்கு வயிறு எரியுது இஃப்ரா" என்றாள்.

வாயைவிட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. இஃப்ரா டம்ளரைத் துடைப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். சிரிப்பு வரவும் இல்லை, முகம் சுருங்கவும் இல்லை.

"எனக்கு எரியலன்னு நெனச்சீங்களா லாத்தா? நீங்க பாட்டுக்குக் கடைக்குப் போறீங்க, வர்றீங்க. நீ யாரு, எப்ப போவேன்னு உங்ககிட்ட ஒருத்தரும் கேக்கறதில்ல. ஒரு வருஷம் அதைப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

தன்னிடம் பொறாமைப்பட ஏதாவது இருக்கும் என்று சித்திகா யோசித்ததே இல்லை. கீழே தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடித்தது. மோட்டார் போட யாரைக் கூப்பிடுவது என்று இஃப்ராவுக்குத் தெரியவில்லை. சித்திகா பால்கனிக்குப் போய், எட்டிப் பார்த்து, கீழ்வீட்டு அம்மாளிடம் விசாரிக்க ஆரம்பித்தாள்.