கிரீம் போட்ட சிவப்பு மீசை

போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. போன வருடம் வீரபாண்டித் திருவிழாவுக்குக் கிளம்பும்போது, என் மேலுதட்டுப் பூனைமுடி கண்ணாடியில் உறுத்தியது. பார்லருக்குப் போக நேரமில்லை. கால் முடியை எடுக்க வாங்கிய கிரீமை எடுத்துப் பூசிவிட்டேன். அந்த நேரம் பார்த்து அக்கா போன் செய்ய, பேச்சு சுவாரசியத்தில் கிரீமை மறந்தே போனேன்.

எரிச்சல் தாங்காமல் ஓடிப்போய்க் கழுவினால், முடி போயிருந்தது. ஆனால் தோல் சிவந்து கன்றிவிட்டது. பதற்றத்தில் எலுமிச்சம்பழத்தை நறுக்கினேன். உள்ளே வந்த என் நாத்தனார் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

“ஏத்தா, வெந்த தோலுல போயி எலுமிச்சையத் தேய்ப்பாகளா? பச்சத் தண்ணியில நல்லாக் கழுவு!”

வழியில் தேனியில் தோல் டாக்டரைப் பார்த்தோம். “முகத்துத் தோல் மெல்லிசும்மா. எலுமிச்சை போட்டிருந்தா தழும்பே விழுந்திருக்கும்” என்று களிம்பு கொடுத்தார். வெயில் படக்கூடாது என்றும் சொன்னார்.

“முடிய எடுக்கப் போயி செவப்பு மீசையில்ல வச்சிருக்க!” என்று கணவர் கோயில் வரை சிரித்துக்கொண்டே வந்தார். குடைக்குள் நானும் சிரித்தேன்.

இப்போது முகத்துக்கான கிரீமை மட்டுமே வாங்குகிறேன். முதல் நாளே முழங்கை மடிப்பில் துளி பூசிப் பார்த்துவிடுவேன். பூசியதும் போனில் அலாரம் வைக்கிறேன்.

சென்ற வாரம் நாத்தனார் வந்து, “எனக்கும் போட்டு விடுத்தா” என்றார்.

“நாளைக்குத்தான் மதினி. இன்னைக்குக் கைய மட்டும் நீட்டுங்க” என்றேன்.