ஐஸ் பெட்டிக்கு வைத்த மொய்

போன வாரம் ஒரு மத்தியானம், அரியாங்குப்பத்தில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்ப்போர்ஷனில் ஒரு சாவு. கீழ்வீட்டுக்காரரின் மாமனார். நல்ல வயதாகித்தான் போனார். வெளிநாட்டிலிருந்து மகன் வந்து சேரும்வரை உடலை வைத்திருக்க வேண்டும். கூடியிருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். "சார், நீங்கதான் கம்ப்யூட்டர்ல வேல பாக்குறவரு. ஐஸ் பொட்டி எங்க கெடைக்கும்னு பாத்து சொல்லுங்க." கொடுக்க வேண்டிய நம்பர் என் போனிலேயே இருந்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை, தேடிப் பார்த்தேன். பக்கம் திறந்ததும் ஒரு பத்தி வந்தது. இயந்திரம் தானாகவே எழுதிய பத்தி. குளிர்பெட்டியை எங்கே வைக்க வேண்டும், கரன்ட் போனால் என்ன செய்ய வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே போனது. நடுவில் ஆறுதல்கூடச் சொன்னது. முன்பெல்லாம் அந்த இடத்தில் 'விளம்பரம்' என்று மஞ்சள் நிறத்தில் சின்னதாக ஒரு சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். என் கண் அந்த மஞ்சளைத்தான் தேடியது.

அந்த மஞ்சள் சீட்டில் சில வருஷம் சாப்பிட்டவன் நான். தவளக்குப்பம் கூட்டு ரோட்டில் ஒரு பெயின்ட் கடைக்கு மாடியில் எங்கள் ஆபீஸ். மூன்று கம்ப்யூட்டர், ஒரு யூபிஎஸ், எப்போதும் ஏதாவது ஒரு கால் ஆடுகிற நாற்காலிகள். கீழேயிருந்து தின்னர் வாசனை, எதிர் டீக்கடையிலிருந்து போண்டா வாசனை. இன்றைக்கும் யார் வீட்டிலாவது பெயின்ட் அடித்தால் எனக்குப் பசிக்கும். டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம்தான், சொன்னதில்லை.

வேலை இதுதான். ஜனங்கள் போனில் எதையாவது தேடுவார்கள். இன்ன வார்த்தையைத் தேடினால் எங்கள் வாடிக்கையாளரின் விளம்பரம் முதலில் தெரிய வேண்டும் என்று நாங்கள் ஏற்பாடு செய்வோம். தெரிந்தால் மட்டும் செலவில்லை. யாராவது அதை விரலால் தொட்டால் விளம்பரம் கொடுத்தவருக்குச் செலவு. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு வைத்திருப்போம். அது தீர்ந்ததும் விளம்பரம் மறைந்துவிடும், மறுநாள்தான் திரும்ப வரும். பாகூரில் கரும்பு போடுகிற என் அப்பாவுக்கு இதை விளக்கி ஒருநாள் தொண்டை கட்டிக்கொண்டது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எவன் எத்த தேடுவான்னு இவனுக்கு இன்னா தெரியும்? இவன் செருப்பையே தினம் தேடிகினு கீறான்" என்று அம்மாவிடம் சொன்னார். உண்மைதான். அந்தச் செருப்பு விஷயம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

பிலோமினாக்கா எங்கள் மாடிக்கு ஏறிவந்தது அந்தக் காலத்தில். வில்லியனூர்க்காரர். மருந்து கம்பெனியில் பாக்கிங் வேலையை விட்டுவிட்டு, ஐஸ் பெட்டி ஒன்றும் பழைய வேன் ஒன்றும் வாங்கியிருந்தார். சாவு வீடுகளுக்கு வாடகைக்கு. ஒரு பொம்பளை பிணப்பெட்டி ஓட்டுவதா என்று மாமியார் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. வீட்டுக்காரர் மட்டும் கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டிருந்தார். ஓடவில்லை என்றால் வேனை விற்றுவிட்டு மறுபடி கம்பெனி. "அங்க எட்டு மணி நேரமும் நின்னுகினே இருக்கணும் தம்பி. பேசக்கூடாது. பாத்ரூம் போனா ஒருத்தி வாட்ச்ச பாப்பா. சாவு வூட்லயாவது உக்காருன்னு சொல்றாங்க."

சாவுக்கு வார்த்தை பிடிப்பது சுலபமில்லை. அழுதுகொண்டிருக்கிறவன் என்ன தட்டுவான்? முதலாளி ஆங்கிலத்தில் அழகழகாக எழுதிக் கொடுத்தார். நான் ஐஸ் பெட்டி, ஐஸ் பொட்டி, வாடகைப் பெட்டி என்று எல்லாவற்றையும் சேர்த்தேன். கடலோரத்து நல்லவாட்டிலிருந்து மீன் போட்டு வைக்கப் பெட்டி கேட்டு இரண்டு பேர் கூப்பிட்டார்கள். அக்கா அவர்களிடமும் மரியாதையாகத்தான் பேசினார். அதன் பிறகு மீன் என்ற சொல் வந்தால் விளம்பரம் வராதபடி செய்தேன்.

அதோடு சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆனால் அதன் பிறகு அழைப்பே வரவில்லை. தினமும் காலையில் நான் ஆபீசுக்கு வந்து பார்க்கும்போதே அன்றைய வரம்பு தீர்ந்திருக்கும். விடிந்த கொஞ்ச நேரத்துக்குள் யாரோ தொட்டுத் தொட்டுத் தீர்த்திருப்பார்கள். ஒருவர்கூட போன் செய்திருக்க மாட்டார்கள். அப்புறம் நாள் முழுக்க எங்கே சாவு விழுந்து யார் தேடினாலும், டவுனில் இருந்த இன்னொரு கடையின் விளம்பரம்தான் தெரியும். அந்தக் கடைக்காரன்தான் ஆள் வைத்துத் தொடுகிறான் என்றார் முதலாளி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் எல்லாம் வேறு வேறு போன், வேறு வேறு ஆள். இயந்திரத்துக்கு எல்லாமே நியாயமான தேடலாகத் தெரிந்தது.

அக்டோபர் பாதி போய்விட்டது. அக்கா போன் செய்து, "ஊர்ல யாருமே சாவலியா தம்பி?" என்றார். உடனே, "இயேசுவே, மன்னிச்சிடு" என்றார். பிறகு குரல் இறங்கி, "கம்பெனில திரும்ப வரச் சொல்லி ஆள் அனுப்பிட்டாங்க" என்றார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. நேரில் பேசலாம் என்று மறுநாள் விடியற்காலை வண்டியை எடுத்தேன்.

அது செபமாலை மாதம். அந்தத் தெருவில் தினம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வார்கள். அன்று பிலோமினாக்கா வீட்டு முறை. செருப்புகளுக்கு நடுவே வாசலில் நின்றேன். ஜெபம் முடிந்தது. சுண்டல் வந்தது. அப்போது முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சவரிமுத்து, பையிலிருந்து போனை எடுத்தார். "எல்லாரும் பிலோமினாவுத ஒரு வாட்டி தொட்டுட்டு கெளம்புங்கப்பா" என்றார். இருபது முப்பது போன்கள் வெளியே வந்தன. ஐஸ் பெட்டி என்று தேடி, மஞ்சள் சீட்டு போட்ட அக்காவின் பெயரைக் கண்டுபிடித்து, ஒவ்வொருவரும் பக்தியாகத் தொட்டார்கள். கண் சரியாகத் தெரியாத ஒரு அம்மாளுக்குப் பக்கத்துப் பெண் விரலைப் பிடித்து வைத்துத் தொடவைத்தாள். சவரிமுத்து தன் பங்குக்கு மூன்று முறை தொட்டார்.

பக்கத்தில் நின்றவரிடம் விசாரித்தேன். நிறையப் பேர் தொட்டால் கடை மேலே வரும் என்று சவரிமுத்துவின் பேரப்பிள்ளைகளில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். புதுக்கடைக்கு நாலு பேர் வந்து மொய் வைக்கிற மாதிரி இதுவும் என்று தெரு முடிவு செய்துவிட்டது. நாலு பேரா வைத்தார்கள், தெருவே வைத்தது. அக்காவுக்கும் அதில் பெருமைதான். எதிரிக் கடைக்காரனை நான் அதுவரை மனசுக்குள் திட்டிய திட்டெல்லாம் வீணாகப் போயிற்று.

சொல்லத்தான் வேண்டியிருந்தது. ஒவ்வொரு தொடலுக்கும் அக்காவுக்குத்தான் செலவு என்பதையும், காலையிலேயே வரம்பு தீர்ந்துவிடுவதால் உண்மையில் பெட்டி தேவைப்படுகிறவனுக்கு அவர் பெயர் தெரிவதே இல்லை என்பதையும் சொன்னேன். சவரிமுத்து போனைத் திருப்பிக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப நாம மொய் வெக்கல" என்றார். "அவ தட்டுலேர்ந்து எடுத்துகினு கீறோம்."

"வுடுங்க மாமா, தெரிஞ்சா செஞ்சீங்க" என்று அக்கா எல்லோருக்கும் இன்னொரு கரண்டி சுண்டல் வைத்தார். கண்ணை மட்டும் முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம்வரை விளம்பரம் மறையாமல் நின்றது. அந்த வாரமே பாகூர் பக்கத்திலிருந்து முதல் அழைப்பு. "தம்பி, வந்திடுச்சி" என்றார் அக்கா. சந்தோஷப்படுவதா கூடாதா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கிறிஸ்துமஸ் வந்தது. வேனை விற்கவில்லை, கம்பெனிக்கும் போகவில்லை.

சவரிமுத்து இரண்டு வருஷம் கழித்து, அரியாங்குப்பத்தில் மகன் வீட்டில் இருக்கும்போது இறந்தார். மகனிடம் அக்காவின் நம்பர் இல்லை. தேடியிருக்கிறார். முதலில் பிலோமினாக்காவின் பெயர்தான் வந்திருக்கிறது. அதைத் தொட்டால் போதும், போன் போய்விடும். அவர் தொடவில்லை. அப்பாவின் உடலைக் கட்டிலில் விட்டுவிட்டு, மழையில் வண்டி ஓட்டிக்கொண்டு வில்லியனூர் வந்து கதவைத் தட்டினார். ஏன் போன் செய்யவில்லை என்று அக்கா கேட்டதற்கு, "தொட்டா உனக்கு செலவாவும்க்கா. அப்பா திட்டும்" என்றாராம். இதை என்னிடம் சொல்லும்போது அக்கா சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தார். முடிக்க முடியவில்லை.

பெயின்ட் கடை மாடியில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். முதலாளி நிலத் தரகுக்குப் போய்விட்டார். வார்த்தை பிடிக்கிற வேலையையும் இயந்திரமே எடுத்துக்கொண்டது. செருப்புத் தேடுகிறவனைவிட அது நன்றாகவே செய்கிறது என்று கேள்வி.

போன வாரச் சாவுக்குக் கடைசியில் அக்காவை நானே கூப்பிட்டேன். வேன் வந்தது. பெட்டியை இறக்கி, ஒயரைச் சொருகி, மோட்டார் சத்தம் சீரானதும் பக்கத்தில் வந்து நின்றார். "உங்க விளம்பரத்த காணமேக்கா" என்றேன்.

"நிறுத்திட்டேன் தம்பி. மேல அந்த மெஷினே பேசிகினு கீது. கீழ வரிக்கும் யாரு வராங்க?"

நான் போயிருந்தேன். அவர் பெயர் வந்தால் கை பட்டுவிடக் கூடாதே என்று, கட்டைவிரலை ஓரத்திலேயே வைத்துத் தள்ளித் தள்ளி, அந்தப் பக்கத்தின் அடிவரைக்கும் போய்ப் பார்த்திருந்தேன்.