பட்டுக்காலின் கிளட்ச்

என் தம்பியை டாக்ஸி ஸ்டாண்டில் பட்டுக்கால் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் கியர் மாற்றுவது பின்சீட்டில் தூங்குகிறவர்களுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து தையலோடு வீடு திரும்புகிறவர்கள், கைக்குழந்தைக்காரிகள் எல்லாம் அவன் வண்டி வரும்வரை காத்திருப்பார்கள். படிப்பு ஏறவில்லை, வேறு தொழில் எதுவும் கூடி வரவில்லை. எங்கள் அம்மா சாகும்வரை அவனைத் தண்டச்சோறு என்றாள். மீசை முளைத்ததிலிருந்து அடுத்தவன் வண்டியை ஓட்டி, தலை நரைத்த பிறகுதான் சொந்தமாகப் புது வண்டி வாங்கினான். "என் ஆயுசுல ஒரு கிளட்ச் தேஞ்சதில்லை" என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்வான். பீற்றிக்கொள்ள அவனிடம் வேறு எதுவும் இல்லை.

அந்தப் புது வண்டி ஒரு வருடம் முடிவதற்குள் மேடு ஏற மறுத்தது. எஞ்சின் கத்தியது, வண்டி நகரவில்லை, உள்ளே கருகல் வாடை. வாங்கிய ஷோரூமிலேயே கொண்டுபோய் விட்டான். கிளட்ச் தேய்ந்துவிட்டது, ஓட்டியவர் தப்பு, வாரண்டியில் வராது என்றார்கள். செலவை அவன் எப்படியாவது சமாளித்துவிடுவான். ஓட்டியவர் தப்பு என்றதைத்தான் அவனால் விழுங்க முடியவில்லை. நேரே என்னிடம் வந்தான்.

"நீ வந்து கேளுக்கா. எனக்குக் கோபம் வந்தா நாக்கு குழறுது. உன்னைக் கண்டா டாக்டருங்களே பயப்படுவாங்க."

நான் முதியோர் இல்லத்தில் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்து ஓய்வு பெற்றவள். டாக்டர்கள் பயந்தது என் வாய்க்கு அல்ல. கேள்வி கேட்டால் பதில் வரும்வரை நகரமாட்டேன், அதற்குத்தான். கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முன்பக்கம் கண்ணாடிக்குள் புது வண்டிகள், பின்பக்கம் சிமென்ட் முற்றத்தில் எங்களுடையதைப் போன்ற வண்டிகள். சர்வீஸைக் கவனிப்பவர் நடுவயதுக்காரர். தூக்கம் போதாத முகம்.

"கழட்டிப் பார்த்தீங்களா?" என்றேன்.

"இல்லம்மா. ஓட்டிப் பார்த்தாலே தெரியுது."

"வயித்தைத் திறக்காமலே கர்ப்பப்பை போச்சுன்னு சொல்றவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன். கிளட்ச் தகடே மட்டமா வந்திருக்கலாம் இல்லையா?"

"வரலாம்மா. ஆனா இது கால் வச்சுத் தேஞ்சது. பெடல் மேலயே காலை வச்சுக்கிட்டு ஓட்டினா, எப்பவும் கொஞ்சம் மிதிச்ச மாதிரியே இருக்கும். தகடு உரசி உரசிக் கருகிடும்."

தம்பி எழுந்துவிட்டான். "யாரைப் பார்த்துச் சொல்றே? நீ சைக்கிள்ல குரங்குப் பெடல் போட்டப்பவே நான் லாரி ஓட்டினவன்."

"சார், ஒரு ரவுண்டு போவோம். நீங்களே ஓட்டுங்க, நான் பக்கத்துல உட்கார்றேன்."

"போலாம். அக்கா, ஏறு. நீதான் சாட்சி."

அவன் கால்கள் தெரியும்படி பின்சீட்டில் ஓரமாக உட்கார்ந்தேன். முதுகை நிமிர்த்தி, பரீட்சை எழுதுகிறவன் போல் ஓட்டினான். கியர் மாறியதே தெரியவில்லை. மாற்றிய பிறகு இடது கால் கீழே இறங்கவில்லை. பெடலின் மேலேயே படுத்துக் கிடந்தது.

"சார், இப்ப உங்க கால் எங்க இருக்கு?"

"கீழ. தரையில."

"பெடல் மேல இருக்கு சார்."

"என் கால் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா? அக்கா, நீ சொல்லு இவர்கிட்ட."

எட்டிப் பார்த்தேன். "பெடல் மேலதான்டா இருக்கு."

வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் குனிந்தான். யாருடைய காலையோ பார்ப்பது போல் பார்த்தான்.

"இப்பதான் வச்சிருப்பேன். நீங்க தொணதொணன்னு பேசிக் கவனத்தைக் கலைச்சுட்டீங்க."

திரும்பி வந்ததும் முதல் ஆளாக இறங்கி, கோபத்தோடு முற்றத்தைக் கடந்து போனான். உச்சி வெயில். அந்தச் சிமென்ட் தரையில் நாய்கூட நிற்காது. அவன் இடது செருப்பு பெடலுக்கு அடியிலேயே கிடந்தது. சர்வீஸ்காரர் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

"சார், செருப்பு."

அவன் செருப்பைப் பார்த்தான், பிறகு காலைப் பார்த்தான். அதோடு கிளட்ச் விவகாரம் எனக்கு முடிந்துவிட்டது. அவனுக்குச் சர்க்கரை வந்து வெகுகாலம். கேட்டால் கன்ட்ரோல்ல இருக்கு என்பான். யார் கன்ட்ரோலில் என்று சொன்னதில்லை.

ஷோரூம் சோபாவில் உட்காரவைத்து, அவன் இடது காலை என் மடியில் எடுத்து வைத்தேன்.

"கண்ணை மூடு. நான் விரலைத் தொடறப்ப 'ம்' சொல்லு."

"இங்கயாக்கா? நாலு பேர் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். உன் கால் என்ன கல்யாணப் பொண்ணா?"

கண்ணை மூடினான். கொஞ்ச நேரம் கழித்து, "ஆரம்பியேன், எவ்வளவு நேரம்" என்றான். கட்டைவிரல், சுண்டுவிரல் இரண்டையும் நான் தொட்டு முடித்திருந்தேன்.

வண்டி விற்கிற பையன் ஒருவன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று பக்கத்தில் வந்தான்.

"சார், ஆட்டோமேட்டிக் வந்திருக்கு. கிளட்ச்சே கிடையாது. இடது காலுக்கு வேலையே இல்லை."

தம்பி முகம் தெளிந்தது. "இதைக் கொடுத்துட்டு அதை எடுத்துடலாம்க்கா. அவ்வளவுதானே."

"வலது காலைக் கொடு."

"அது நல்லாத்தான் இருக்கு."

"கொடுடா."

இந்த முறை உஷாராகிவிட்டான். கண்ணை மூடியதுமே "ம்" என்றான். என் கை என் மடியில் இருந்தது. இன்னொரு "ம்." அப்போதும் தொடவில்லை. பிறகு தொட்டபோது ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தான்.

"பிரேக் இந்தக் கால்தான்டா," என்றேன்.

விற்கிற பையன் போய்விட்டான். கிளட்ச்சை எங்கள் செலவிலேயே மாற்றச் சொல்லிவிட்டு, வேலை முடிந்தால் என்னைக் கூப்பிடுங்கள், சாவியை இவன் கையில் தராதீர்கள் என்று சர்வீஸ்காரரிடம் சொன்னேன். தம்பி காதிலும் விழுந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி ஒரே ஒரு முறை பேசினான்.

"இவங்க திருடங்களா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்க்கா."

வீட்டில் அவன் மனைவி வாசலிலேயே நின்றாள். "என்ன சொன்னானுங்க அந்தக் கட்டையில போறவனுங்க?"

"ஏமாத்திட்டானுங்க," என்றான் தம்பி.

நான் நடந்ததைச் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சண்டை போடக் கூட்டிட்டுப் போனா, எங்க பொழைப்புலயே மண்ணள்ளிப் போட்டுட்டு வந்திருக்கீங்க. நீங்க யார் பக்கம் அண்ணி?"

"நாளைக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. அவர் சொல்லட்டும் நான் யார் பக்கம்னு."

நான் விரலால் சொன்னதை டாக்டர் மெஷினை வைத்துச் சொன்னார். வண்டி கைமாறியது. ஸ்டாண்டில் அவன் இடத்தில் வேறொருவன் நிற்கிறான். கம்பெனிக்காரன் மட்டமான தகட்டைத் தலையில் கட்டினான், கேட்கப் போன அக்கா அவனோடு சேர்ந்துகொண்டாள் என்று தம்பி ஊரெல்லாம் சொல்வதாக எனக்கே வந்து சொல்கிறார்கள்.

வாரத்துக்கு ஒரு தடவை போய் அவன் பாதங்களைப் பார்க்கிறேன். அவன் என்னோடு பேசுவதில்லை. காலை நீட்டிவிட்டுப் பேப்பருக்குள் முகத்தை நுழைத்துக்கொள்வான். போன வாரம் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஒரு சின்ன ஆணி வலது குதிகாலில் ஏறியிருந்தது. எப்போது ஏறியது என்று கேட்டேன். பிடுங்கி, கழுவி, துணி சுற்றிவிட்டு, "சட்டையை மாத்து, ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றேன்.

அவன் பேப்பரைத் திருப்பினான். "அது மட்டமான தகடுதான்," என்றான்.