மழைக்கு ஒருதரம் வாங்க: கோவில்பட்டி ஜவுளித் தெருவில் ஒரு சனிக்கிழமை

2004 வைகாசியில் ஒரு செய்திக்காகக் கோவில்பட்டிக்குப் போயிருந்தேன். மார்க்கெட்டை ஒட்டிய ஜவுளிக் கடைத் தெருவை அப்போதுதான் புதுப்பித்திருந்தார்கள். சாக்கடைக்கு மூடி போட்டு, சிமெண்ட் சாலை போட்டு, விளக்குக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். கடைக்காரர்கள் தெருவில் நீட்டிக்கொண்டிருந்த தகரக் கொட்டகைகளைத் தாங்களாகவே பிரித்து உள்ளே தள்ளிக்கொண்டார்கள். அந்தச் சூட்டோடு ஆளுக்கு ஆள் போட்டி போட்டுப் பளபளக்கும் டைல்ஸும் கண்ணாடிக் கதவும் வைத்தார்கள். முகம் தெரிகிற மாதிரி மின்னிய தரையைப் படமெடுத்து, இந்த ஊர் நடுத்தெருவுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று அரைப்பக்கம் எழுதினேன்.

அந்த ஆண்டு கார்த்திகையில் அலுவலகத்துக்கு ஒரு தபால் அட்டை வந்தது. ‘சார், நல்லா எழுதியிருந்தீங்க. மழைக்கு ஒருதரம் வாங்க. - தங்கராசு.’ நான் பேட்டி எடுத்த ஜவுளிக் கடைக்காரர்தான். அட்டையை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். இரண்டு மழைக்காலம் போயின. வேலையிலிருந்து ஓய்வு பெற்று மேஜையைக் காலி செய்த அன்று அட்டை மறுபடி கையில் அகப்பட்டது.

தங்கராசுவுக்குப் போன் போட்டேன். மூன்று ஆண்டு தாமதத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. “இந்தத் தீபாவளிதான் சார் கடைசி. யாவாரம் நடந்தாக் கடை இருக்கும். இல்லேன்னா செல்போன் கடை வைக்க ஒருத்தன் இடத்தைக் கேட்டுக்கிட்டே இருக்கான், குடுத்துட்டு மெட்ராசுக்குப் போறேன். மச்சினன் கடையில துணி கிழிச்சுப் போட ஒரு ஆள் வேணுமாம்.” முப்பது ஆண்டு முதலாளியாக இருந்தவர் இதைச் சாதாரணமாகச் சொன்னார். “மழை பெஞ்ச மறுநாளா, சனிக்கிழமையாப் பாத்து வாங்க.”

அப்படித்தான் 2007 ஐப்பசியில், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, மழை பெய்த ஒரு வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் கிளம்பினேன்.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை 6.10-க்குப் பஸ். டிக்கெட் 34 ரூபாய், ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். சாத்தூரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் மண் கறுக்கத் தொடங்கியது. விதைப்பு முடிந்த காடுகளில் மழைத் தண்ணீர் அங்கங்கே கண்ணாடித் துண்டு போலக் கிடந்தது. நாற்கரச் சாலை வேலை நடந்துகொண்டிருந்ததால் பஸ் ஊருக்குள் போகாது என்று கண்டக்டர் கடைசி நேரத்தில்தான் சொன்னார். 8.35-க்குப் புறவழிச் சாலையில் இறக்கிவிட்டார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இறங்கின இடத்திலிருந்து ஆட்டோ நிற்கிற இடம் நாற்பது அடிதான். ஆனால் அந்த நாற்பது அடியும் வெட்டிப் போட்ட கரிசல். முதல் பத்து அடியில் ஷூவின் அடியில் ஒரு அடுக்கு ஒட்டியது. அதன்மேல் இன்னொன்று. ஆட்டோவை எட்டும்போது காலுக்கு ஒரு கிலோ கூடியிருந்தது. கல்லில் தேய்த்தேன், போகவில்லை. குச்சியால் நோண்டினேன், குச்சி ஒடிந்தது.

ஆட்டோ ஓட்டுநர் பீடியை எறிந்துவிட்டுச் சிரித்தார். “எங்க மண்ணு விடாது அண்ணாச்சி. அப்படியே ஏறுங்க.” காலடியில் ஒரு சாக்கு விரித்திருந்தார்.

“சாக்கு எப்போதும் போடுவீர்களா?”

“மழைக்குப் போட்டுத்தான் ஆவணும். சாக்கு இல்லாத வண்டியில கிராமத்து ஆளுவ ஏற மாட்டாவ. நம்ம காலு வண்டியை நாறடிக்கும்னு யோசிச்சிக்கிட்டே நடந்து போயிருவாவ. சாக்கைப் பாத்துட்டா டக்குனு ஏறிருவாவ.”

மார்க்கெட்வரை 25 ரூபாய் கொடுத்தேன். அவர் சொன்னதில்தான் முழுக் கதையும் இருந்தது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

தெருவின் முனையில் இறங்கி மெதுவாக நடந்தேன். விளக்குக் கம்பங்கள் இருந்தன. சிமெண்ட் சாலையும் பெரிதாகக் கெடவில்லை. கடைகளை எண்ணினேன். இருபத்திரண்டில் ஆறு பூட்டியிருந்தன. திறந்திருந்த கடைகளின் கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால் விளக்கெல்லாம் எரிய, விற்பனையாளர்கள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் படமெடுத்த டைல்ஸ் எதிலும் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

தங்கராசுவின் கடையை முதலில் அடையாளம் தெரியவில்லை. கண்ணாடிக் கதவைக் காணோம். வாசலிலிருந்து உள்ளே பன்னிரண்டு அடி தூரத்துக்கு டைல்ஸைப் பெயர்த்துவிட்டு, கொத்துப்போட்ட சொரசொரப்பான கருங்கல் பாவியிருந்தார். உள்ளே இருந்த துணி அலமாரிகள் முன்னால் வந்திருந்தன. இரண்டு பக்கமும் நீளமான மரப் பெஞ்சுகள். கல்லின் இடுக்குகளில் சிமெண்ட் இன்னும் வெளுக்கவில்லை.

படியில் நின்று ஷூவின் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தேன்.

“கழத்தாதீங்க சார்!” என்று உள்ளேயிருந்து ஓடிவந்தார் தங்கராசு. தலை நரைத்திருந்தது. குரல் மாறவில்லை. “அப்படியே ஏறுங்க. வழுக்குதான்னு பாக்கணும்.”

“சோதனைக்கு நான்தானா?”

“நேத்து நான் ஏறிப் பாத்தேன். என் காலு கடைக்காரன் காலு, அது பொய் சொல்லும்.”

துணி மடித்துக்கொண்டிருந்த பெண் நிமிராமலேயே சொன்னார்: “ரெண்டு நாளா யாரு வந்தாலும் நடந்து காட்டச் சொல்லுதாவ சார். நேத்து தபால்காரரு மூணு சுத்து சுத்துனாரு.” அவர் சுப்புத்தாய். இடைசெவல் பக்கத்துக்காரர், பத்துக் கிலோமீட்டர் தூரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து பதினோரு ஆண்டாக அந்தக் கடையில் சேலை விற்கிறார்.

ஏறினேன். வழுக்கவில்லை. எனக்குப் பின்னால் படியிலிருந்து பெஞ்சுவரை எட்டுக் கறுப்புத் தடங்கள். நெளிந்தேன். தங்கராசு அந்தத் தடங்களைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

காபி வரவழைத்துவிட்டு நடந்ததைச் சொன்னார். புதுத் தரை போட்ட முதல் கோடையில் வியாபாரம் அமோகம். ஐப்பசி பிறந்து மழை விழுந்ததும் கிராமத்துக் கூட்டம் நின்றுபோனது. இந்தத் தெருவை வாழவைப்பதே அவர்கள்தான். விதைப்பு வேலையை முடித்து, அதே ஈரக் காலோடு பஸ் ஏறித் தீபாவளித் துணிக்கு வருகிறவர்கள். கரிசல் சேறு அப்பிய கால் அந்த டைல்ஸில் பட்டால் விளக்கெண்ணெய் கொட்டின மாதிரி வழுக்கியது. முதல் வாரமே ஒரு பெரியவர் இடுப்பில் அடிபட விழுந்தார். மிதியடி வாங்கிப் போட்டார் தங்கராசு. அரைமணி நேரத்தில் மிதியடி சேற்றுக்கட்டியாகிவிட்டது. பிறகு வாசலில் ஒரு குழாய் வைத்து, ‘கால் கழுவிவிட்டு உள்ளே வரவும்’ என்று போர்டு எழுதினார். தெருவில் மற்றவர்களும் அதைப் பார்த்து எழுதினார்கள்.

“அந்தப் போர்டுதான் சார் எங்களைச் சாய்ச்சது.”

“ஏன்? நியாயமான யோசனைதானே?”

சுப்புத்தாய்தான் பதில் சொன்னார். “மழை பெய்யாதான்னு எட்டு மாசம் வானத்தைப் பாத்துக்கிட்டு இருக்கோம். பெஞ்சு, அந்த மண்ணு கால்ல ஒட்டினா எங்களுக்குச் சந்தோசம் சார். அதைப் போயிக் கழுவிட்டு வான்னு எழுதி வச்சா, ரோசம் வராதா?”

ஆனால் இது சுப்புத்தாய்க்கே போன ஐப்பசியில்தான் உறைத்திருக்கிறது. அவருடைய சித்தி ராமலட்சுமி, தன் மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்தவர், மழைத் தூற்றலில் எதிர்த்த டீக்கடை ஓரமாகவே நின்றாராம். உள்ளே கூப்பிட்டதற்கு, “நான் இங்கனயே நிக்கேன், நீ சேலையை இங்க கொண்டா ஏட்டி” என்றிருக்கிறார். சுப்புத்தாய் குடை பிடித்தபடி தெருவுக்கு ஐந்து சேலை கொண்டுபோனார். அதில் மூன்று விற்றது. அந்த வாரம் முழுக்கக் கடைக்குள் விற்றது அதைவிடக் குறைவு.

“அன்னைக்கே சொன்னேன் சார், தரையை ஒடைங்கன்னு. இவிய கேக்கலை.”

“எப்படி ஒடைக்க? பேப்பர்ல படம் வந்த தரை. கடைசித் தீபாவளின்னு ஆனதும்தான் மனசு வந்துச்சு” என்றார் தங்கராசு, என்னைப் பார்க்காமல்.

அந்தப் படம் கடையின் பின்சுவரில் சட்டம் போட்டு இன்னும் மாட்டியிருந்தது. நான் வந்தது ஒரு சொட்டு ஈரமில்லாத வைகாசி. இந்தக் கடைக்கு யார் வருகிறார்கள், எப்போது வருகிறார்கள், எந்தக் காலோடு வருகிறார்கள் என்று அன்றைக்கு நான் கேட்கவே இல்லை. அதைச் சொன்னேன். “விடுங்க சார், கேட்டிருந்தாலும் நான் டைல்ஸைப் பத்தித்தான் பேசியிருப்பேன்” என்றார் அவர். அந்தப் பெருந்தன்மைக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

10.20-க்குக் கிராமத்து டவுன் பஸ் மார்க்கெட் முனையில் நிற்கும். பத்து மணியிலிருந்தே தங்கராசுவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கல்லாவுக்கும் படிக்கும் நடந்தார். போர்டைக் கழற்றின இடத்தில் இருந்த ஆணியைத் தொட்டுப் பார்த்தார். 10.35-க்கு ஈரச் செருப்புகளின் சத்தத்தோடு ஒரு பெண்கள் கூட்டம் தெருவுக்குள் வந்தது. அவர்கள் ஒவ்வொரு கண்ணாடிக் கதவையும் பார்த்தபடி, ஒன்றிலும் ஏறாமல் நடந்து வந்தார்கள். கூட்டத்துக்கு முன்னால் கெண்டைக்கால்வரை கறுப்பு மண்ணோடு வந்தவரைச் சுப்புத்தாய் கண்ணால் காட்டினார். ராமலட்சுமி.

கடைக்கு நேரே நின்றார். தரையைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். பின்னால் வந்த எட்டுப் பேரும் நின்றார்கள். தங்கராசு வாயைத் திறக்கவில்லை. கூப்பிடக்கூடாது என்று சுப்புத்தாய் சொல்லிவைத்திருந்தாராம்.

“ஏட்டி சுப்பு, இது கடையா, களமா?”

“ரெண்டுந்தான் சித்தி. நெல்லைக் கொட்டாதே, துட்டைக் கொட்டு.”

“ஆமா, உங்க மொதலாளிக்குக் கொட்டத்தான் நாங்க காட்டுல கெடக்கோம்.” சொல்லிக்கொண்டே ஒரு காலைக் கல்லில் வைத்து இரண்டு தரம் ஓங்கி மிதித்துப் பார்த்தார். சேறு தெறித்து என் முழங்காலில் விழுந்தது. “கல்லு காலைப் பிடிக்குது, ஏறி வாங்கட்டி” என்றார் பின்னால் திரும்பி.

ஒன்பது பேரும் ஏறினார்கள். பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, நிறம் மங்கல், முந்தி சின்னது, போன வருசம் எடுத்தது ஒரே துவைப்பில் போச்சு என்று ஆரம்பித்தார்கள். தங்கராசு எல்லாத் திட்டையும் பிரசாதம் போல வாங்கிக்கொண்டு துணியை விரித்துக்கொண்டே இருந்தார். பன்னிரண்டு மணிக்கு உட்கார இடமில்லை. நான் பெஞ்சை விட்டு எழுந்து படியோரம் நின்றேன். பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர் அங்கே வந்து, கல்லைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்து, “எங்க வாங்குனாரு சார்?” என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

மூன்று மணி சுமாருக்குக் கூட்டம் சற்று ஓய்ந்தபோது சுப்புத்தாய் விளக்குமாற்றை எடுத்தார். காய்ந்த கரிசல் பத்தை பத்தையாகத் தானே பெயர்ந்து வந்தது. கூட்டிக் குவித்ததை முறத்தில் அள்ளித் தூக்கிக் காட்டினார். “மொதலாளி, இன்னைக்கு முறம் நெறைஞ்சு போச்சு!” தங்கராசு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். மதுரையிலிருந்து கிளம்பினால் பஸ் ஊருக்குள் போகுமா என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தீபாவளித் துணிக்குச் சனிக்கிழமை காலை பத்தரைக்குள் போய்விட்டால் பேரம் பேச ஆள் கிடைப்பார். மார்க்கெட் பக்கம் கடலை மிட்டாய் அரைக் கிலோ 35 ரூபாய்க்கு வாங்கினேன். மழைக்காலத்தில் பாலிதீன் உறையில் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள், பிசுபிசுத்துவிடும். ரயிலில் திருநெல்வேலிப் பக்கம் போகிறவர்கள் கடம்பூரில் போளிக்குச் சில்லறை வைத்துக்கொள்ளவும். கடையின் பெயரைத் தங்கராசு எழுதவேண்டாம் என்றார், விளம்பரம் என்பார்களாம். நீங்கள் தேடவும் தேவையில்லை. தெருவில் சேறு அதிகம் கிடக்கிற வாசல் அதுதான். ஷூவைத் துடைக்காமல் ஏறுங்கள்.

நான் 4.15 பஸ்ஸில் திரும்பினேன். தீபாவளி முடிந்து ஐந்தாம் நாள் வீட்டுக்கு ஒரு தபால் அட்டை வந்தது. அதே கையெழுத்து.

‘சார், தீபாவளிக்கு முந்தின நாள் கூட்டினது மூணு கூடை மண்ணு. பாத்திரக் கடையிலயும் தரையைப் பேத்தாச்சு. செல்போன்காரனுக்கு வேற எடம் பாக்கச் சொல்லிட்டேன். பழைய படத்தைக் கழட்டிட்டு அங்கன ஆணியைச் சும்மா விட்டிருக்கேன். மழைக்கு வந்து ஒரு படம் எடுத்துக் குடுங்க. - தங்கராசு.’